முட்டை ஓட்டுச் சுரை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதை எறிய வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரியவில்லை. ஓடிக்கொண்டிருக்கிற மிக்சியைக் கைப்பிடி உடைந்துபோனது என்று தூக்கி எறிகிறார்கள். மீந்த சோற்றை நாலு அடி நடந்து மாட்டுத் தொட்டியில் ஊற்றச் சோம்பல்பட்டுச் சாக்கடையில் கொட்டுகிறார்கள். அதே ஜனங்கள் முட்டை வந்த அட்டை, படித்த பேப்பர், துருவின தேங்காய் ஓடு இதையெல்லாம் நகை மாதிரி சேர்த்து ஜன்னலில் அடுக்குகிறார்கள். எதற்கு என்று கேட்டால் போனைக் காட்டுகிறார்கள். போனில் எவனோ ஒருத்தன் கையுறை மாட்டிக்கொண்டு சின்னக் கரண்டியால் மண் அள்ளுகிறான். கரண்டியால் மண் அள்ளுகிறவன் சொல்வதைக் கேட்டு விவசாயம் செய்கிற காலம் வந்துவிட்டது.

நான் மூன்றாவது வரைக்கும் படித்தவன். கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயர் படிப்பேன். நாற்றுப் பண்ணைக்காரனை நம்ப மாட்டேன், விதைக் கடைக்காரனை நம்ப மாட்டேன், மழை வரும் என்று டிவியில் சொல்கிறவனை நம்பவே மாட்டேன். என் சம்சாரம் குள்ளம்மாள் என்னைப் பற்றிச் சொல்வது ஒன்றுதான். சொந்த நிழலையே திரும்பித் திரும்பிப் பார்க்கிற ஆள் என்பாள். பார்ப்பதில் என்ன தப்பு?

எங்கள் கொட்டாய் மாரண்டஹள்ளிக்கு வெளியே இருக்கிறது. கொட்டாய் என்றால் நிலத்துக்குள்ளேயே கட்டின நாலைந்து வீடு. தக்காளியும் அவரையும் போடுகிறோம், மாடு வைத்திருக்கிறோம். வேலிக்கு அந்தப் பக்கம் சென்றாயன் நிலம். சென்றாயன் என் சித்தப்பன் மகன், பங்காளி. வேலியில் ஒரு புளியமரம் நிற்கிறது. அடிமரம் யார் பக்கம், நிழல் யார் பக்கம், பழம் யாருக்கு என்று ஒரு நாள் பேச்சு முற்றிப்போய், அதிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. அதுவரைக்கும் அவன் என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவான்.

என் மகன் திருமால் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறான். விடியும்போது கம்பெனி பஸ் ஏறினால் இருட்டித்தான் வருவான். அவன் சம்சாரம் சுமலதா. இண்டூர்ப் பக்கத்துப் பெண். நான் சத்தம் போட்டால் வீட்டில் பூனைகூட அடுப்படிக்குள் போய்விடும். அவள் மட்டும் நின்று, "சரிங்க மாமா, ஆனா ஏன் அப்பிடி?" என்று கேட்பாள். கேட்பதோடு விடமாட்டாள், பதில் வரும்வரை நிற்பாள். அவள் கிண்டின களியில் கட்டி இருக்காது. அவளை எனக்குப் பிடிக்கும். இதை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

போன மாசியில் அவள் அம்மா கருப்பி செத்துப்போனாள். கொஞ்ச நாள் படுக்கையில் கிடந்துதான் போனாள். காரியம் முடிந்ததும் சுமலதாவின் அண்ணன்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்ட வீடு கட்டப் போகிறோம் என்றார்கள். அம்மாவின் பொருளில் வேண்டியதை எடுத்துக்கொள் என்று இவளைக் கூப்பிட்டனுப்பினார்கள். அண்ணிகளில் ஒருத்தி குத்துவிளக்கை எடுத்தாளாம், ஒருத்தி பித்தளை அண்டாவை எடுத்தாளாம். என் மருமகள் மாட்டுக் கொட்டகைச் சுவரிலிருந்து ஒரு வறட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மூன்று பஸ் மாறி வந்தாள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

எரிக்கிற வறட்டி இல்லை அது. விதை வறட்டி. சுரை விதை, பூசணி விதையைப் பச்சைச் சாணியில் பதித்துச் சுவரில் அறைந்துவிட்டால் அடுத்த பட்டம் வரைக்கும் பூச்சி அண்டாது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் கருப்பி படுத்த பிறகு அந்தக் கொட்டகையில் ஓடு சரிந்து மழை இறங்கியிருக்கிறது. சுமலதா வறட்டியை உடைத்து விதையைப் பிரித்தாள். பாதிக்கு மேல் பொக்கு. தேறினது ஒரு உள்ளங்கையை நிறைக்கவில்லை.

"எங்கம்மா கைப்பட்ட வெத இவ்வளவுதாங்க மாமா இருக்குது" என்றாள். "காய் குடம் மாதிரி குண்டா வரும். ஒரு காயிகூட கசக்காது. இது போச்சின்னா அவ்வளவுதான்."

அதற்கு என்ன, ஆடியில் குழியெடுத்து எருப் போட்டு ஊன்று, உலகமே அப்படித்தான் செய்கிறது என்றேன். எலி தின்றுவிட்டால் என்ன செய்வது, அணில் கிளறிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். போன வருஷம் எங்கள் அவரையில் ஒரு வரிசை விதையையே எலி எடுத்துக்கொண்டுபோனது அவளுக்குத் தெரியும். தட்டில் முளைக்கவைத்துப் பிடுங்கி நடலாம் என்றால் சுரைக்கு அது ஆகாது, வேரை அசைத்தால் படுத்துவிடும். அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அப்போதுதான் அந்தப் போன்காரன் அவள் போன் வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்தான். மக்கிப்போகிற எதிலாவது மண் போட்டு விதையை முளைக்கவைத்து, பிடுங்காமல் அதோடு சேர்த்தே நிலத்தில் வைத்துவிட வேண்டுமாம். ஓடு மக்கும், வேர் அசையாது. சுமலதா முதலில் தக்காளி விதையை வைத்துப் பழகிப் பார்த்தாள். தினத்தாளைச் சுருட்டிக் குப்பி செய்தாள். முட்டை அட்டையில் பள்ளத்துக்குப் பள்ளம் மண் நிரப்பினாள். வாழைப்பட்டையை மடித்து ஈர்க்குச்சி குத்தினாள். வாசல் முழுக்க அடுக்கி வைத்திருந்தாள். பார்க்க, சின்னப் பிள்ளைகள் சோறாக்கி விளையாடுகிற மாதிரி இருந்தது. ரெண்டாம் நாள் எங்கள் வெடைக்கோழி ஏறிக் கிளறி எல்லாவற்றையும் வாசலுக்கு உரம் ஆக்கிவிட்டது.

நான் சிரித்தேன். கொஞ்சம் பலமாகத்தான் சிரித்தேன். அன்றைக்குத் திருமாலும் வீட்டில் இருந்தான். இனிமேல் உன் பொண்டாட்டிக்குச் சீதனமாக இன்னும் ரெண்டு கட்டுப் பழைய பேப்பர் வாங்கி வா என்று அவனிடம் சொன்னேன். அவள் வாசலைக் கூட்டினாள்.

அதனால்தான் சுரை விதையை எங்கே போட்டாள், எதில் போட்டாள் என்று எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வைகாசி கடைசியில் அவள் அண்ணன்கள் புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டார்கள். பூஜைக்குத் திருமாலும் அவளும் இண்டூர் போனார்கள். ராத்திரி தங்கி மறுநாள் வருவதாகப் பேச்சு. வீட்டில் நானும் குள்ளம்மாளும்தான். அந்த வாரம் எங்கள் செவலைப் பசு சரியாகத் தீனி எடுக்கவில்லை. மடியில் பால் பாதிதான் இறங்கியது. வைத்தியர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தார். அவரையும் நான் நம்பவில்லை.

காலையில் சாணி அள்ளிவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனேன். அங்கே வேலியை ஒட்டி, தகரக் கூரை நிழல் விழுகிற இடத்தில் பழைய கல் பலகை ஒன்று கிடக்கும். அதன்மேல் வரிசையாக முட்டை ஓடுகள். தலைப்பக்கம் உடைத்து உள்ளே கரிய மண் அடைத்திருந்தது. ஒவ்வொன்றிலும் மஞ்சள் தெளித்து, நெற்றியில் வைக்கிற மாதிரி ஒரு குங்குமப் பொட்டு. சுற்றிலும் கோடு போட்ட மாதிரி சாம்பல்.

இப்போது கேட்கிறவர்களுக்கு எல்லாம் வெட்ட வெளிச்சமாக இருக்கும். அன்றைக்கு அங்கே நின்ற நான் ரெண்டு அடி பின்னால் வந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் முட்டையும் மஞ்சளும் குங்குமமும் ஒரு இடத்தில் சேர்ந்திருந்தால் அது சூனியத்துக்குத்தான். முச்சந்தியில் கிடந்தால்கூட சைக்கிளைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போவோம். இது என் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், வேலி ஓரத்தில், மாடு பால் மறுத்த வாரத்தில் இருக்கிறது. யார் வைத்தது என்று யோசிக்க எனக்கு நேரம் ஆகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். சென்றாயன் வீட்டில் புகை வந்துகொண்டிருந்தது.

குள்ளம்மாளைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "கையில தொட்றாதீங்க" என்றாள். "திருப்பி உட்ருங்க. வச்சவன் வூட்டுக்கே போவட்டும்."

திருப்பி விடுவதற்கும் முறை இருக்கிறது. கைபடக் கூடாது, பேசக் கூடாது, விட்ட பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. பழைய முறம் ஒன்றை எடுத்து, தேய்ந்த விளக்குமாற்றால் அத்தனையையும் அதில் தள்ளினேன். வேலியோரம் போய், அந்தப் பக்கம் இருந்த சென்றாயனின் எருக்குழியில் கொட்டினேன். சாணியில் பொத்துப் பொத்தென்று விழுந்த சத்தம் கேட்டது. துப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து கால் கழுவினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் செவலை முழுப் பால் கறந்தது.

நான் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊசி போட்ட வைத்தியரைப் பற்றி யாரும் பேசவில்லை.

மறுநாள் பொழுதோடு சுமலதா வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை, நேராகக் கொட்டகைக்குப் பின்னால் போனாள். வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். முகம் கழுவினாள். என்ன தேடினாய் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லைங்க மாமா" என்றாள். அவள் இதுவரை எனக்கு ஒன்றும் இல்லை என்று பதில் சொன்னதில்லை. அன்றைக்கு ராத்திரிக் களியில் கட்டி இருந்தது. மறுநாளும் இருந்தது. நான் சத்தம் போட்டால் ஏன் என்று கேட்பதையும் விட்டுவிட்டாள். சரிங்க மாமா என்பாள், போய்விடுவாள். கேள்வி கேட்கிறவள் கேட்காமல் போனால் வீடு என்னவோ மாதிரி ஆகிவிடுகிறது. நான் தேவையில்லாமல் ரெண்டு தடவை சத்தம் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு வாரம் பத்து நாள் போயிருக்கும். நடுவில் ரெண்டு மழை பெய்தது. குள்ளம்மாள் ஒரு மத்தியானம் கட்டுத்தறிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். மெதுவாகச் சொன்னாள். சுமலதா அம்மா விதை அத்தனையையும் முட்டை ஓட்டில் போட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வைத்திருந்தாளாம். கோழி எட்டாத இடம், மாமா கண்ணும் படாத இடம் என்று பார்த்து வைத்தாளாம். எறும்புக்குச் சாம்பல். மஞ்சளும் குங்குமமும் அவள் அம்மா பழக்கம். விதை போடுகிறபோதெல்லாம் கருப்பி வைப்பாளாம். எலி கொண்டுபோய்விட்டது என்று இவளே நினைத்துக்கொண்டு, ராத்திரியெல்லாம் அழுகிறாளாம்.

நான் மாட்டின் முதுகிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"வாயத் தொறக்காதீங்க" என்றாள் குள்ளம்மாள். "எலின்னே இருக்கட்டும்."

எலி என்ன பாவம் செய்தது? அவள் என்மேல் பத்து வாரம் கோபத்தில் இருந்தாலும் இருக்கட்டும், உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் மட்டும் விதை வந்துவிடுமா? ஆனி பிறந்துவிட்டது. கொட்டாய் முழுக்க டிராக்டர் ஓடுகிறது, எல்லோரும் குழியிலிருந்து எருவை வாரி நிலத்தில் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். சென்றாயன் எருவும் இந்நேரம் நிலத்துக்குப் போயிருக்கும். அதன்மேல் உழவும் ஓடியிருக்கும். இருந்தாலும் கால் வேலிக்குப் போனது.

எட்டிப் பார்த்தேன். எரு அப்படியே இருந்தது. ஒரு கூடைகூட எடுக்கவில்லை. அதைவிட ஆச்சரியம், குழியின் ஒரு மூலையில் இலந்தை முள்ளை வெட்டி வட்டமாக அடைத்திருந்தான். முள்ளுக்கு நடுவில் முட்டை ஓடுகள் கிடந்தன. சிலது உடைந்து, சிலது சாய்ந்து, சிலது நின்றபடி. அவற்றிலிருந்து சுரை கிளம்பியிருந்தது. தடித்த ரெட்டை இலை, நடுவில் சுருங்கின முதல் இலை. மஞ்சளும் குங்குமமும் மழையில் கழுவிப்போய், பச்சை மட்டும் பளிச்சென்று இருந்தது.

நான் சென்றாயன் வீட்டு வாசலுக்குப் போனேன். ரொம்ப வருஷம் கழித்து.

அவன் மருந்தடிக்கிற டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அவன் சம்சாரம் காவேரி எட்டிப் பார்த்தாள், உள்ளே போனாள், கையில் சீமாறோடு திரும்பி வந்தாள்.

"என்ன, பலிச்சிதா இல்லையான்னு பாக்க வந்தியா?" என்றான் சென்றாயன்.

"எது பலிச்சிதா?"

"மந்திரிச்சு என் குழியில போட்டியே. அது."

அப்புறம் அவனே கொட்டித் தீர்த்தான். அது விழுந்த அன்றைக்குத்தான் காவேரி படியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொள்ள இருந்தாளாம். அந்த வாரத்திலேயே கிணற்று மோட்டார் புகைந்துவிட்டதாம். பொம்மிடிப் பக்கம் ஒரு பூசாரியிடம் போயிருக்கிறான். வைத்த கைதான் எடுக்க வேண்டும், அதுவரைக்கும் ஆளோ ஆடோ கோழியோ அதன்மேல் படக் கூடாது என்று பூசாரி சொல்லி அனுப்பியிருக்கிறான். அதனால்தான் முள் அடைப்பு. வந்த டிராக்டரைத் திருப்பி அனுப்பிவிட்டான். ஊரெல்லாம் எரு போட்டு உழுதாகிவிட்டது, இவன் நிலம் மட்டும் சும்மா கிடக்கிறது. அடைப்புக்கு வெளியே எலுமிச்சம்பழம் வேறு வெட்டி வைத்திருக்கிறான்.

கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு கோழி ஏறியிருந்தால் போதும், கருப்பி விதை போயிருக்கும். அதை இவன் முள் வெட்டிக் காவல் காத்திருக்கிறான்.

"அது மந்திரிச்சது இல்லடா" என்றேன். "என் மருமவ சொரை வெத."

"முட்டை ஓட்டுலயா?"

"ஆமா."

"பொய் சொல்றதுக்கும் ஒரு லட்சணம் வேணும். எவனாச்சும் முட்டை ஓட்டுல சொரை போடுவானா?"

"போட மாட்டான். நானும் அதத்தான் சொல்றேன்."

நாங்கள் ரெண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் ரொம்ப நாள் ஆகியிருந்தது. அவன் டேங்கைக் கீழே வைத்தான்.

"அப்ப உன் மருமவ வெதய எதுக்கு என் குழியில கொண்டாந்து போட்ட?"

"நீ எனக்கு வச்சதுன்னு நெனச்சேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் புளியமரத்தைப் பார்த்தேன். முதலில் சிரித்தது காவேரிதான். சீமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கிழங்கள் ரெண்டும் நன்றாக இருக்கின்றன என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சென்றாயன் சிரிக்கவில்லை. அவனும் என் ரத்தம்தானே, லேசில் நம்பிவிடுவானா? நான் அடைப்பைப் பிரிக்கப் போனபோது குறுக்கே வந்து நின்றான். சுரையோ சூனியமோ, பூசாரி சொன்னது சொன்னதுதான், வைத்த கைதான் எடுக்க வேண்டும், ஓட்டில் வைத்தது உன் மருமகள் என்றால் அவளைக் கூட்டிவா என்றான். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

ஆக, நான் போய் அவளிடம் சொல்லியாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

சுமலதா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். வா என்றேன். எங்கே என்று கேட்காமல் எழுந்தாள். அதுவே எனக்குப் பொறுக்கவில்லை. வேலி ஓரமாக முன்னால் நடந்தேன். பாதி வழியில் நின்றேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை, தக்காளிச் செடியைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"உங்கம்மா வெதய எலி எடுக்கல. நான்தான் எடுத்துக் கொட்டுனேன்."

அவள் நின்றுவிட்டாள். "தெரிஞ்சா மாமா?"

"தெரிஞ்சா கொட்டுவனா?"

என்ன நினைத்தேன், எங்கே கொட்டினேன் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முளைத்திருக்கிறது என்ற இடத்துக்கு வந்ததும் மீதியைக் கேட்கவில்லை. என்னைத் தாண்டி ஓடினாள். புடவை வேலி முள்ளில் மாட்டினதையும் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அடைப்பைப் பிரித்துவிட்டு எருவில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு ஓட்டைச் சுற்றி எருவை விரலால் மெதுவாக விலக்கினாள். ஓடு கீழே வெடித்திருந்தது. வெள்ளை வேர் அந்த வெடிப்பு வழியே இறங்கி எருவுக்குள் போயிருந்தது.

"மாமா, இங்க பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். "ஓட்ட ஒடச்சிக்கிட்டு வேர் போயிருக்குது. அவரு சொன்ன மாதிரியே."

அவர் என்றால் போன்காரன். எனக்கு எரிச்சல் வந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்ததால் குனிந்து வேரைப் பார்த்தேன்.

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். வேர் இவ்வளவு இறங்கிவிட்டதே, எப்படி எடுப்பது? எடுத்தால் வேர் அறும், அறுந்தால் சுரை தங்காது. விட்டால் எரு வாரும்போது மண்வெட்டியில் போய்விடும். சென்றாயனுக்கோ உழவு ஏற்கெனவே தள்ளிப்போயிருக்கிறது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "சின்ன மாமா" என்று மட்டும் கூப்பிட்டாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து இந்தக் குடும்பத்தோடு பேசாதே என்று நான் சொல்லி வைத்திருந்தேன். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

சென்றாயன் தலையைச் சொறிந்தான். குழியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"இந்த மூலைய உட்டுர்றேன் ஆத்தா" என்றான். "மீதி எருவ மட்டும் வாரிக்கிறேன். அது பாட்டுக்கு ஏறட்டும்." பிறகு என் பக்கம் திரும்பி, "மம்முட்டி கொண்டாண்ணா, ஓரத்துல இருக்கறத எருவோட சேத்து வெட்டி எடுத்துப் பாக்கலாம்" என்றான்.

அண்ணா என்று சொன்னது அவனுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. நான் மண்வெட்டி எடுக்கப் போய்விட்டேன்.

ஓரத்தில் இருந்த செடிகளைக் கட்டி உடையாமல் வெட்டி எடுத்தோம். அதைச் சுமக்க வீட்டில் தோதாகக் கிடைத்தது அந்தப் பழைய முறம்தான். எதைத் தள்ளிக் கொண்டுபோனேனோ அதையே அதே முறத்தில் ரெண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தேன். குள்ளம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் முறத்தைப் போட்டிருப்பேன்.

எங்கள் பக்கம் வைத்ததில் சிலது படுத்துவிட்டது. ரெண்டு கொடி பிழைத்துக் கொட்டகைத் தகரத்தில் ஏறியது. சென்றாயன் குழியில் இருந்தது என்ன தின்றதோ, புளியமரத்தைப் பிடித்து உச்சிக் கிளைவரை போய்விட்டது. புரட்டாசியில் பார்த்தால் புளியமரத்தில் சுரைக்காய் தொங்குகிறது. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் தொங்கின காயை நாங்கள் பறித்தோம், அந்தப் பக்கம் தொங்கினதை அவர்கள் பறித்தார்கள். அதில் சண்டை வரவில்லை. புளியம்பழப் பேச்சு இன்னும் தீரவில்லை, அது வேறு.

முதல் காயைச் சுமலதாதான் அறுத்தாள். அவள் சொன்ன மாதிரியே குடம் மாதிரி குண்டு. கடைந்து, களியோடு வைத்தாள். எல்லோருக்கும் முன்னால் அவள் ஒரு விரல் எடுத்து வாயில் வைத்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு என் தட்டில் ஊற்றினாள். கசக்கவில்லை. களியிலும் கட்டி இல்லை. நான் இன்னொரு உருண்டை கேட்டு வாங்கினேன்.

தையில் முற்றின காயை உடைத்து விதை எடுத்தாள். பச்சைச் சாணியில் பதித்து எங்கள் கொட்டகைச் சுவரில் ஒரு வறட்டி அறைந்தாள். காவேரி அவர்கள் சுவரில் ஒன்று அறைந்தாள். இண்டூரில் அண்ணன்கள் கட்டின புது வீட்டுக்கும் ஒன்று போனது. அங்கே டைல்ஸ் ஒட்டின சுவரில் அது எங்கே ஒட்டுமோ, எனக்குத் தெரியாது.

இதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போது மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள். கத்தரி, மிளகாய், பீர்க்கு, எல்லாமே முட்டை ஓட்டில்தான். காவேரி அவர்கள் வீட்டு ஓட்டைப் பையில் சேர்த்துக் கொண்டுவந்து கொடுக்கிறாள். திருமால் ஆம்லெட் வேண்டாம் என்றாலும் விடுவதில்லை, ஓடு வேண்டுமாம். கொட்டகைக்குப் பின்னால் மறைத்து வைப்பது போய், வாசலிலேயே என் கட்டில் பக்கத்தில் அடுக்கி வைக்கிறாள். மஞ்சள், குங்குமம், சாம்பல் எல்லாம் அதே மாதிரி. முன்பின் தெரியாத ஆள் யாராவது வந்தால் வாசலோடு திரும்பி ஓடிவிடுவான்.

நேற்றுக் காலையில் ஒரு ஓட்டில் கத்தரி கிளம்பியிருந்தது. கையில் ஏந்திக்கொண்டுவந்து என் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

"இப்பவாச்சும் நம்புறீங்களா மாமா?"

"அன்னிக்கி மொளச்சது சென்றாயன் எருவுல" என்றேன். "எருக்குழியில செருப்பப் போட்டாகூட மொளைக்கும்."

"இது எருக்குழி இல்லைங்களே, நம்ம வாசலு. இது ஏன் மொளச்சிது?"

பதில் வரும்வரை நிற்பாள், தெரியும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மாட்டுக்குத் தண்ணி காட்டவில்லை. ஒரு செடி முளைத்ததை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். அவள் பின்னாலிருந்து இன்னும் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். வெடைக்கோழி ஓடு அடுக்கின பக்கம் மெதுவாக வந்துகொண்டிருந்தது. அதை மட்டும் காலால் விரட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கட்டுத்தறிக்கு நடந்தேன்.